முயல்களுக்குக் காய்ச்சல் இறங்கியது

திருப்பதி,
1959, ஐப்பசி

அன்புள்ள தாட்சாயணிக்கு,

நீயும் குழந்தையும் நலம்தானே? நைனாவின் இருமல் தணிந்ததா? நம் திருத்தணியை ஆந்திராவிலிருந்து பிரித்து மெட்ராஸோடு சேர்க்கப் போவதாக இங்கே ஒரே பேச்சு. சேர்த்தாலும் ரயில் ஓடும், கவலைப்படாதே.

இங்கே ஒரு சிறு விஷயம் நடந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மலையிலிருந்து செடி பறித்து வருபவள் கங்கம்மா. ஒரு கொடியின் சாறு கொடுத்ததும் முயல்களுக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சந்தோஷத்தில் அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை முயல்கள் செத்துக் கிடந்தன. அவள் புருஷன் முனிரத்தினமும் காய்ச்சலில் படுத்திருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் கங்கம்மா அதே கொடியைக் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தில் பாதி அவருக்குள் போய்விட்டது. மீதியைத் தட்டிவிட்டேன். வண்டி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். கண்தான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"முயலு தேறிக்கினு வருதுன்னு நீதானே சொன்ன, சாமி?" என்று கங்கம்மா கேட்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஆமாம்மா" என்றேன்.

அளவைக் குறைத்து மறுபடி பார்க்கச் சொல்கிறார் மேலதிகாரி. அவர் சொல்வது சரிதான். எனக்குத்தான் அந்தக் கொடியைத் தொடக் கை வரவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. குழந்தை என்னவெல்லாம் பேசுகிறாள் என்று விவரமாக எழுது.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக நேரமாகிவிட்டது. முனிரத்தினம் என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுகொள்கிறார். உள்ளே நுழைந்ததுமே பேசிவிட வேண்டும்.

உன்,
எத்திராஜ்