எழுவாய் இல்லாத வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் வெள்ளைப் பலகை மாட்டிவிட்டார்கள். காலையில் வந்ததும் அவரவர் வேலையை அதில் எழுத வேண்டும், முடித்ததும் டிக். பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிற நான் என்னத்தை எழுதுவது? "படிக்க வேண்டும்" என்று எழுதினேன். புது மேலாளர் சிரித்தார். "இப்படிப் பொத்தாம்பொதுவா எழுதாதீங்க மேடம். எத்தனை பக்கம்னு போடுங்க. டிக் அடிச்சதும் மனசு லேசாயிடும் பாருங்க."

எனக்கா தெரியாது? மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டி வாழ்பவள் நான். அன்றைக்கு அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது. மறந்துவிடுவோமோ என்ற பயத்தை அதனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 7

அலுவலகத்தில் நாற்பது பக்கம், டிக். வீட்டில் அத்தனை வரியும் டிக். மனசு லேசாகவில்லை. வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "ஆச்சா?" என்ன ஆச்சா? எல்லாம்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்தான்.

மார்ச் 11

தீராத அசதிக்கு எடுத்த சோதனை முடிவுகளை டாக்டரம்மா புரட்டிவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. ஓய்ஞ்சு போயிருக்கீங்க, அவ்வளவுதான். ரெஸ்ட் எடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து பட்டியலில் "ஓய்வெடுக்க வேண்டும்" என்று சேர்த்தேன். சோபாவில் சற்றுப் படுத்தேன். எழுந்துபோய் டிக் அடித்தேன்.

மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, மூச்சு விடுறதையும் எழுதி வச்சுக்கோ. மறந்துடப் போற."

சிரித்தேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதுக்குன்னு தெரியல.

மார்ச் 18

மானம் போயிற்று. அறிவியல் புத்தகம், ஊர்வன பாடம்: "பள்ளியின் வால் அறுந்தால் மீண்டும் வளரும்." பல்லி பள்ளியாகிக் கிடக்கிறது, பக்கத்தின் மூலையில் என் டிக்! அச்சுக்குப் போகும் முன் பக்கம் வடிவமைக்கும் பெண் பிடித்துவிட்டாள். "அக்கா, எந்தப் பள்ளிக்கு வால் இருக்கு? சொல்லுங்க, என் பையனைச் சேர்த்துடுறேன்."

என் கண்ணுக்கு ஒரு ளகரம் தப்பியதில்லை. அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை — டிக் அடிக்க ஓடியிருக்கிறேன்.

மேலாளர் திட்டவில்லை. அதைவிட மோசம். பலகையில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "கவனமாகப் படிக்க வேண்டும்." கூடவே, "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் மேடம். வேகமும் தரமும் சேர்ந்து வரலேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அடப்பாவி. கவனத்துக்கும் ஒரு டிக்கா!

மார்ச் 19

விடுப்பு. வீட்டுப் பட்டியலைக் கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். பழக்கதோஷம், திருத்துகிற கண்ணால் படித்துவிட்டேன்.

துணி காயப்போட வேண்டும். மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும். திரைச்சீலை மாற்ற வேண்டும். சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

யார் தைக்க வேண்டும்? பாடம் எழுதுகிறவர்கள் இப்படி அனுப்பினால் ஓரத்தில் சிவப்பு மையில் "எழுவாய் எங்கே?" என்று கேட்டிருப்பேன். என் தாளில் இத்தனை வருடம் கேட்கவில்லையே! எழுவாய் இல்லாத இடத்திலெல்லாம் பேசாமல் நானே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. நம் மொழியில் கட்டாயத்துக்கும் ஆசைக்கும் ஒரே சொல்தான் — வேண்டும். ஆசையென்றால் முன்னால் "எனக்கு" வரும். தாளை மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒரு "எனக்கு" கூட இல்லை.

கிழிக்கவில்லை. தாள் என்ன பாவம் செய்தது? ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பில் "யார்?" என்று போட்டு மறுபடி ஒட்டினேன்.

அவர் வந்தார். "பொத்தான் ஆச்சா?"

"யார் தைக்கணும்னு அதுல போட்டிருக்கு?"

"இது என்ன பரீட்சையா?"

"ஆமா. விடை எழுதுங்க."

மார்ச் 20

பலகையில் மேலாளர் சேர்த்த வரியை அழித்தேன். எல்லோரும் பார்க்க எழுதினேன்: "நான் இன்று பதினைந்து பக்கம் படிப்பேன். பதினாறாவதைத் தொட மாட்டேன்."

"மேடம், இது வேலைப் பட்டியல். போராட்டத் தட்டி இல்ல."

"வேகம்தான் வேணும்னா தாராளமா வேற ஆள் தேடுங்க சார். பல்லி பல்லியாவே இருக்கணும்னா நான் இருக்கேன்."

வேலை போயிடுச்சுன்னா? பயமாத்தான் இருக்கு. ஆனால் அழிக்கப் போவதில்லை.

மார்ச் 31

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மேலாளர் பலகைப் பக்கமே வரவில்லை. வடிவமைக்கும் பெண்ணின் பெயருக்குக் கீழே: "நான் எட்டுப் பக்கம் முடிப்பேன். ஒன்பதாவதைத் தொட மாட்டேன்."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஃப்ரிட்ஜில் புதுத் தாள். "அப்பா துணி காயப்போட வேண்டும்" — மகளின் கையெழுத்து. "நான் பாத்திரம் கழுவ வேண்டும்" — அதுவும் அவளே, பக்கத்தில் ஓர் அழுமூஞ்சிப் படம். பொத்தானுக்கு எதிரே அவர் எழுத்தில் "நான்". கோணலாகத் தைத்திருக்கிறார், பிரித்துத் தைக்க நான் போகவில்லை.

கடைசி வரி என்னுடையது: எனக்குத் தூக்கம் வேண்டும்.

மத்தியானம் படுத்தேன். அவர் அறை வாசலில் நின்று, பழக்கத்தில் கேட்டார்: "ஆச்சா?"

"இன்னும் ஆகல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.