சிவப்புக் கார் போன பிறகு

அன்புள்ள ப்ரென்னா,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான். சியாட்டில் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். தனியாக அந்த வீட்டில் என்ன செய்கிறாய், விற்றுவிட்டு இங்கே வந்துவிடு என்று போனில் சொன்னாய். யோசிக்கக்கூடத் தெம்பில்லை. அலுவலகத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கராஜ் கதவு இறங்கிய பிறகும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காரிலேயே ஏதாவது புத்தகத்தில் நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.

நம் சிவப்புக் கார் போன மாதம் ஒரேயடியாக நின்றுவிட்டது, சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து தெருவில் ஒருவரும் எனக்குக் கையசைப்பதில்லை. உன் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தருவாரே திருப்பத்து வீட்டு லிண்ட்க்விஸ்ட், புல் வெட்டும்போதும் ஒரு கையைத் தூக்குகிறவர், அவரும் முறைத்தார். நான் என்ன தப்பு செய்தேன் என்று குழம்பி, சனிக்கிழமை அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு பெண் காரை நிறுத்தி, வண்டி பழுதாகிவிட்டதா என்று விசாரித்தாள். நடந்தால் இங்கே அப்படித்தானே.

புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அட, ப்ரென்னா அம்மாவா. பொண்ணும் போயிட்டா, சிவப்பு காரையும் காணோம், நீயும் வீட்ட வித்துட்டுப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன். சொல்லிக்காமப் போயிட்டாளேன்னு கோவம் வேற" என்றார். சாம்பல் காரில் வருவது நான்தான் என்றதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, உன் பேர் என்னம்மா என்று கேட்டார். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயசுகூட இல்லை, அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் உன் அம்மாதான். பெயரைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ப்ரென்னா அம்மான்னா சுலபமா இருந்துச்சே என்று அலுத்துக்கொண்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நான் திருப்பத்தில் வந்தபோது கையைத் தூக்கி ஏதோ கத்தினார். கண்ணாடி ஏற்றியிருந்தது, கேட்கவில்லை. வாயசைவு என் பெயர்தான்.

ஆகவே வீட்டை இப்போது விற்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. என் பெயரைக் கேட்க அந்த மனிதருக்கு இத்தனை வருடம் ஆயிற்று. இந்த வீட்டுக்குப் புதிதாக வரும் இன்னொருத்தி பெயரைக் கேட்க அவருக்கு இனி வயசில்லை.

எங்கே இருந்தாலும் உன் முகம் தெரிந்த நாலு பேர் உன்னைச் சுற்றி இருக்கட்டும். குளிர்கோட்டின் ஜிப்பை மாற்றிக்கொள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெயர் கேட்டு வை.

உன் அம்மா,
கொரின்