விளக்கப்பட்டீர்கள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவுல சுகம். நீயும் அங்கே உடம்பளவுல சுகமாத்தான் இருப்பேன்னு நம்பறேன். மனசு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது, இந்தத் தடவை அதைத்தான் எழுதப் போறேன், அதனால உட்கார்ந்து படி. ஒரு கையில காபி, இன்னொரு கையில போன்னு நின்னுக்கிட்டே படிக்கிற கடிதம் இல்லை இது. போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள, அம்மா, டெக்னிக்கலா பார்த்தான்னு நீ ஆரம்பிச்சுடுவே, கால் மணி நேரம் நீ பேசி முடிக்கும்போது நான் எதுக்குக் கூப்பிட்டேன்னு எனக்கே மறந்து போயிருக்கும். கடிதத்துல அந்த வேலை நடக்காது. இதுல நான்தான் பேசுவேன், நீ வாயை மூடிக்கிட்டுக் கேட்கணும்.

வீட்டு விஷயம் எல்லாம் வழக்கம்போலத்தான். தண்ணி மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுது. மாடியில குடியிருக்கிறவங்க துணி துவைக்கிற மிஷின்ல இருந்து நம்ம சமையல்கட்டுச் சுவர்ல ஈரம் இறங்குது, சொன்னா காதுலயே போட்டுக்கறதில்லை. என் முழங்கால் ஆபீஸ் மாடிப்படியைப் பார்த்தாலே முனக ஆரம்பிக்குது. இன்னும் எட்டு மாசம், அப்புறம் ரிடையர் ஆயிடுவேன், கடை கடையா ஏறி இறங்கி தராசைச் சோதிச்சு முத்திரை வைக்கிற வேலையை வேற யாராவது பார்க்கட்டும். போன வாரம்கூட ஒரு பழக்கடைக்காரரு தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி வெச்சிருந்தாரு, கையும் களவுமா பிடிச்சு சீல் வெச்சுட்டுத்தான் வந்தேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, மோசடின்னா என்னன்னு எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷமா அதைத் தேடிப் பிடிக்கிறதுதான் எனக்குச் சோறு போடுது. அந்த வார்த்தையை நான் சும்மா வாயில போட்டு மெல்ற ஆள் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மூணு ஞாயிறுக்கு முன்னாடி, காலையில பத்து மணி. உங்கப்பா எப்பவும்போலக் குளிச்சு, பட்டன் சட்டை போட்டுக்கிட்டு, சாப்பாட்டு மேஜை விளிம்புல கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான அந்த ஸ்டியரிங்கை இறுக்கி மாட்டிட்டு உட்கார்ந்தாரு. லாரி ஓட்டற விளையாட்டுக்கு எதுக்குங்க சட்டைன்னு நான் கேலி பண்ணினா, பனியனோட வண்டியில ஏறக் கூடாதும்பாரு. காலமெல்லாம் லாரி ஓட்டினவருக்கு இடது கண்ணுல பார்வை போய், இனிமே லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்த நாள்ல இருந்து அந்த மனுஷன் வீட்டுக்குள்ள எப்படிக் கிடந்தாருன்னு உனக்குத் தெரியும். அதனாலதானே நீயே வந்து, அப்பா, எங்க கம்பெனி பண்ணின விளையாட்டு, நீங்க ஒரு லாரி நான் ஒரு லாரி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகலாம்னு சொன்னே. ரெண்டு வருஷமா ஒரு ஞாயிறு தப்பினதில்லை. போன்ல சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட கொடுக்கறேன்னு அதுக்கு மேல உன்கிட்ட பேசத் தெரியாத ஆளு, அந்த லாரியில ஏறிட்டா வாய் மூட மாட்டாரு. இடைவெளி விட்டு வாடா, இறக்கத்துல கியரைக் குறைடா, தூக்கம் வந்தா ஓரங்கட்டிடுடா, ஒரே பாடம்தான். அதுலயும் ஈ காக்கா இல்லாத ரோட்டுல இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவாரு. சிவப்பு சிக்னல்ல அவரு நிக்க, பின்னாடி வர்ற முகம் தெரியாதவங்க ஹாரன் அடிச்சுத் திட்டுவாங்க, செவிடு மாதிரி நிப்பாரு.

அன்னைக்கு விளையாட்டைத் திறந்ததும் என்னவோ புதுசா இறங்குச்சு, பச்சைக் கோடு ஒண்ணு நிறைஞ்சுது, அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு. நடுவுல தமிழ்ல ரெண்டு வரி. நேர்மையற்ற செயல் கண்டறியப்பட்டது, நீங்கள் விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விளக்கப்பட்டீர்கள்னு. அப்பா அதைச் சத்தம் போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சாரு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு என்னைக் கேட்டாரு. எனக்கென்ன தெரியும், அடுப்புல பால் பொங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னாரு, போன வாரம் கிடங்குல வண்டியைப் பின்னால எடுக்கறப்போ ஒரு கம்பத்துல இடிச்சுட்டேன், இறங்கிப் பார்க்காம வந்துட்டேன், அதைத்தான் பார்த்துட்டாங்க போல இருக்குன்னு. நான் சிரிச்சுட்டேன்டா. அப்புறம் அவரு முகத்தைப் பார்த்தேன், நிஜமாவே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்காரு. பொம்மைக் கம்பத்தை இடிச்சதுக்கு, யாருகிட்ட போய் மன்னிப்புக் கேட்கணும்னு என்னைக் கேட்கறாரு.

உடனே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டு வரியையும் படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை படிம்மான்னே, படிச்சேன். அப்புறம் சொன்னே, ஏதோ நெட் பிரச்சினையா இருக்கும்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு. ரெண்டு நாள் ஆச்சு, நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் சரியாகலே. சனிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு, மார்க்கெட் பின்னாடி ரிப்பேர் கடை வெச்சிருக்கிற அம்மாகிட்ட போனேன். எல்லாரும் அவங்களைத் திருகாணின்னுதான் கூப்பிடறாங்க, வாயும் அப்படித்தான், சுத்திச் சுத்தி உள்ளே இறங்கும். திறந்து பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உங்க வீட்டுக்காரரு மோசடி எதுவும் பண்ணலேம்மா, லினக்ஸ்தான் பண்ணியிருக்காருன்னாங்க. ஊர்ல எல்லார் கம்ப்யூட்டரையும் ஓட்டறது விண்டோஸாம், நம்ம கம்ப்யூட்டரை ஓட்டறது இந்த லினக்ஸாம்.

அப்புறம்தான் எல்லாம் புரிஞ்சுது. விளையாட்டுல திருட்டு வேலை பண்றவங்களைப் பிடிக்க உங்க கம்பெனி புதுசா ஒரு காவல் புரோகிராம் வெச்சிருக்கு. அது ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்ல எல்லாம் உள்ளே போய்ப் பார்க்கும், லினக்ஸ்ல மட்டும் பார்க்கறதுக்கு உங்க கம்பெனி ஏற்பாடு பண்ணலே. பார்க்க முடியாதவங்களை எல்லாம் ஒரே அடியா திருடன்னு வெளியே தள்ளிடுச்சு. அதே காவல் புரோகிராமை வெச்சிருக்கிற வேற சில கம்பெனிங்க லினக்ஸ்காரங்களையும் சேர்த்துக்கறாங்களாம், அதுக்குக் கம்பெனிக்காரங்க மனசு வெச்சாப் போதுமாம். அந்த அம்மா உங்க அறிவிப்பையும் எடுத்துக் காட்டினாங்க. லினக்ஸ் பயனர்கள் மிகக் குறைவு என்பதால் அதற்கான ஆதரவு நிறுத்தப்படுகிறதுன்னு போட்டிருந்தது. ஆதரவுன்னா உங்க ஆபீஸ்ல என்ன அர்த்தமோ தெரியாது, அதை இந்த மாசம் முதல் தேதியில இருந்து நிறுத்தறோம்னு நோட்டீஸ் ஒட்டலாம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. விக்கும்போது லினக்ஸ்லயும் ஓடும்னு எழுதித்தானே வித்தாங்க? ஊர்ல ஒரே ஒரு கடையில ஒரே ஒரு தராசு இருந்தாலும் நான் படியேறிப் போய்ப் பார்க்கணும், ஒண்ணே ஒண்ணுதானேன்னு விட்டா என் சட்டையைப் பிடிப்பாங்க.

அதுவும் யாரு வீட்டுல லினக்ஸ் போட்டது? நாங்களா கேட்டோம்? பழைய மிஷின்மா, இது போட்டா வேகமா ஓடும், வைரஸ் வராது, யாருக்கும் நாம அடிமையா இருக்க வேண்டாம்னு கையை ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் பண்ணினது நீ. காலேஜ்ல உன் லேப்டாப் மூடி முழுக்க லினக்ஸ் சின்னம், அந்தப் பென்குவின் ஸ்டிக்கர். அந்தப் பென்குவினை எங்க மேஜையில உட்கார வெச்சுட்டு நீ விமானம் ஏறிட்டே, இப்போ அதே பென்குவினுக்காக எங்களுக்கு வாசல் கதவைச் சாத்தறே. நல்லா இருக்குடா நியாயம்!

இன்னும் நான் முக்கியமானதுக்கே வரலே. அந்தச் சிவப்புத் திரையை நான் போன்ல படம் எடுத்து வெச்சிருந்தேன். திருகாணி அம்மா கடையில அதைப் பெரிசாக்கிப் பார்த்தப்போதான் கண்ணுல பட்டுது. விளக்கப்பட்டீர்கள். ல போட வேண்டிய இடத்துல ள. விலக்கறதுக்கும் விளக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இந்த உலகத்துலயே எனக்கு ஒருத்தனைத்தான் தெரியும். பள்ளிக்குப் போனேன்னு எழுதச் சொன்னா பல்லிக்குப் போனேன்னு எழுதி, வகுப்பே சிரிச்சு, அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்தவன் அவன். விளையாட்டுல தமிழ் சேர்க்க வெச்சதே நான்தான்மா, அப்பா படிக்கணும்னுதான்னு நீ பெருமையா சொன்னியே, நானும் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிஞ்சேனே. தமிழ் இல்லாம இருந்திருந்தா அந்த வரி அவருக்குப் புரிஞ்சே இருக்காதுடா. நெட் பிரச்சினையாம், நெட் பிரச்சினை! நீ எழுதின வரியை நான் உனக்கே படிச்சுக் காட்டியிருக்கேன், நீ கேட்டுக்கிட்டு எனக்கே கதை விட்டிருக்கே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா, தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளைன்னு பார்த்திருக்க மாட்டேன்.

நிஜத் திருடங்களுக்குன்னு நீ எழுதி வெச்ச வரியை, உன்னைக் கேட்காம எல்லாருக்கும் போட்டிருப்பாங்க, அதுவும் எனக்குப் புரியாம இல்லை. திருடனைப் பிடிக்க வேண்டாம்னும் நான் சொல்லலே, என் பொழப்பே அதுதான். ஆனா ஒண்ணு கேளு. என் நோட்டுல ரெண்டு பத்தி இருக்கு. ஒண்ணு, சோதிச்சேன், மோசடி. இன்னொண்ணு, சோதிக்க முடியவில்லை. கடை பூட்டியிருந்தா, தராசு எனக்குத் தெரியாத புது மாதிரியா இருந்தா, ரெண்டாவதுலதான் எழுதணும். முதல் பத்தியில எழுதினா என் வேலை போயிடும், போகணும். சோதிக்கத் தெரியாதது என் குறை, கடைக்காரரு குறை இல்லை. இவ்வளவு படிச்ச நீங்க எல்லாரும் ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்தீங்களே, இன்னொரு பத்தி போடணும்னு ஒருத்தருக்குக்கூடவா தோணலே? உங்கள் கம்ப்யூட்டரை எங்களால் சோதிக்க முடியவில்லை, மன்னிக்கவும்னு எழுதக் கையா வலிக்குது? லினக்ஸுக்கு மறுபடி கதவைத் திறப்பாங்களோ மாட்டாங்களோ, அது உன் ஒருத்தன் கையில இல்லை. அந்த வரி உன் கையில இருக்கு. அதை மாத்து. எங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பறேன்னு மட்டும் கிளம்பாதே, அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்.

அப்பா இப்போ ஸ்டியரிங்கைக் கழட்டி, துணியில சுத்தி, பீரோ மேல வெச்சுட்டாரு. ஞாயிறு காலையில வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடறாரு, போட்ட கேட்டுக்கே மறுபடியும் போடறாரு. நீ கூப்பிட்டா எடுக்கறதில்லை, நான் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கையை ஆட்டிடறாரு. அவருக்கு உன் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டு இருப்பே. கோபமா, அவருக்கா? தான் பண்ணின தப்பு உன் வேலைக்கு உலை வெச்சுடுமோன்னு பயம். போன்ல பேசினா நீயும் அந்தத் தப்புல கூட்டுன்னு கம்பெனி நினைச்சுடுமாம். திருகாணி அம்மா சொன்னதை எல்லாம் நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்துட்டேன், தன்னைச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறாரு. யாரு எழுதின வரின்னு மட்டும் நான் சொல்லலே, அதை நீதான் சொல்லணும். நீ சொன்னாத்தான் நம்புவாரு.

சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கோ, கண்ணைச் சோதிச்சுக்கோ, அப்பாவோட கண்தான் உனக்கும். ஆத்திரத்துல என்ன எழுதியிருந்தாலும் நீ நல்லா இருக்கணும், எந்தக் கெட்ட பேரும் உன்கிட்ட அண்டக் கூடாது, அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் வேணும். ஒண்ணு மறக்காதே, இந்த உறையில இன்னொரு காகிதம் இருக்கு. அப்பா உங்க கம்பெனிக்கு எழுதின மன்னிப்புக் கடிதம், தபால்ல சேர்த்துடுன்னு என்கிட்ட கொடுத்தாரு. அங்கே தமிழ் படிக்கிற ஆள் நீ ஒருத்தன்தானே, அதனால உனக்கே அனுப்பறேன். கம்பத்தை இடிச்சது, இறங்கிப் பார்க்காதது எல்லாம் ஒத்துக்கிட்டு எழுதியிருக்காரு. கடைசியில, உங்களிடம் வேலை பார்க்கும் என் மகனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் எப்போதும் தனியாகத்தான் ஓட்டினேன்னு முடிச்சிருக்காரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுஷன்கிட்ட நான் பார்த்த முதல் பொய் அதுதான்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா