மூலக்குறி இல்லாத ஏழாம் கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

நான்காம் பதிப்பை இன்று வெளியிட்டேன். செயலிகளின் திரையில் கணித வாய்பாடுகளை அச்சிட்டதுபோல் காட்டும் நிரல்தொகுப்பு இது. பிறர் எடுத்துத் தம் செயலியில் சேர்த்துக்கொள்ளும்படி அதைப் பொதியாகக் கட்டித் தருவது என் பணி. பொதி கனமென்று ஓராண்டாகக் குறை கூறினார்கள். வேண்டாதவற்றைக் களைந்து பாதியாக்கினேன். இன்னொன்றும் செய்தேன். கிடைக்காத குறியின் இடத்தில் இதுவரை ஓர் அருவருப்பான கட்டம் தோன்றும். இனி வெற்றிடம் மட்டுமே. அழகன்றோ முதன்மை!

சோதனைப் பிரிவுத் தோழி கேட்டாள்: "வேற மெஷின்ல போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"என் கணினியில நல்லா ஓடுது. போதாதா?"

மார்ச் 11, செவ்வாய்

அண்ணி ஆசிரியராக இருக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு. நான் முன்பு அமைத்துக் கொடுத்த வீட்டுக் கணினியில், என் தொகுப்பு இயங்கும் தேர்வுச் செயலியில், அவர் வினாத்தாளை ஆக்கினார். மாணவர்கள் பள்ளிக் கணினிகளில் எழுதினர். அங்கே ஏழாம் கேள்வி முதல் பதினொன்று வரை வர்க்கமூலக் குறியே இல்லை. நாற்பத்தொன்பதின் மூலத்தைக் கேட்ட இடத்தில் வெறும் நாற்பத்தொன்பது. முப்பத்தெட்டுப் பேரும் அந்த ஐந்திலும் தவறினர்.

"நான் குறி போட்டுத்தான் குடுத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்கிறார் அண்ணி.

மார்ச் 12, புதன்

என் கணினியில் சோதித்தேன். எல்லாக் குறிகளும் நிமிர்ந்து நிற்கின்றன. அண்ணியின் கணினியிலும் இப்போது குறி இருக்கிறது. பிறகு சேர்த்திருப்பார் — மனித இயல்புதானே.

"அவசரத்துல விட்டிருப்பீங்க அண்ணி" என்றேன். அவர் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. அண்ணன்தான் பேசினான்: "ஊர் தப்பையெல்லாம் மைக் போட்டுச் சொல்லுவ. உன் தப்புன்னு வந்தா மட்டும் கரண்ட் போயிடும்!"

மார்ச் 16, ஞாயிறு

ஊர் அறிவியல் மன்றத்தில் என் உரை. இருநூறு பேர். தேர்வுச் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்ததால் கேள்வி அங்கேயும் எழுந்தது. "கருவி பிழை செய்யவில்லை, தோழர்களே! கருவியை ஏந்திய கை பிழை செய்தது!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூன்றாம் வரிசையில் அண்ணி. மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளியிலிருந்து அண்ணிக்குக் கடிதம். பத்தாம் வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. வெள்ளியன்று பெற்றோர் முன்னிலையில் விசாரணை. பிழையை மறைக்கப் பிற்பாடு தாளைத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. சான்றாக ஒரு வரி: 'கருவியை ஆக்கியவரே மேடையில் கூறியுள்ளார்.'

என் சொல். என் சொல்லேதான்.

மார்ச் 19, புதன்

எதுவும் எழுதும் நிலையில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

அலுவலகத்துக்கு ஒரு புதுக் கணினி வந்தது. உறை பிரித்த கையோடு தோழி அதில் என் பொதியை நிறுவினாள். திரையைத் தட்டினாள். "அக்கா, மூலக்குறி லீவு போட்டிருச்சு போல."

ஐயோ! என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்!

கனம் குறைக்கும் வேகத்தில், குறிகளின் வடிவங்களைத் தாங்கிய எழுத்துருக் கோப்பையே பொதியிலிருந்து நீக்கிவிட்டேன். என் கணினியிலும் அண்ணியின் கணினியிலும் அதை நானே முன்பு நிறுவியிருந்தேன். ஆகவே எங்கள் இருவர் கண்ணுக்கும் குறி தெரிந்தது. கட்டம் தோன்றியிருந்தால் ஒரு மாணவனாவது கையை உயர்த்தியிருப்பான். அதையும் அல்லவா அழித்தேன், அழகுக்காக! இத்தனை நாள் அண்ணி முகத்தப் பாத்துப் பொய்னு சொன்னேனே — எந்த வாயால போய்ச் சொல்றது?

மார்ச் 21, வெள்ளி

நேற்று மாலையே அண்ணியிடம் சொன்னேன். "நாளைக்கு அங்க வந்து சொல்லு" என்றார், அவ்வளவே.

சென்றேன். மூன்று பக்க உரை கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. "பிழை என்னுடையது. எழுத்துருவ விட்டது நான். அண்ணி எதையும் திருத்தல." என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு மைக்ல இவ்ளோ மெதுவாப் பேசலியேம்மா நீங்க?"

பெற்றோரில் ஒருவர், "மறுதேர்வு வைங்க. அந்த டீச்சர்கிட்ட யார் மன்னிப்புக் கேக்கறது?" என்றார். நான் கேட்கவில்லை. அந்த அறையில் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

மன்றச் செயலாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். "இதுக்குக் கைதட்டு விழாதுங்க, பரவாயில்லையா?" என்றார். விழவில்லை. இம்முறை மன்னிப்பை, என் அண்ணி என்று உறவையும் சொல்லி, ஒலிபெருக்கியில், உரக்கக் கேட்டேன். அவர் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அண்ணிமேல் குற்றமில்லை என்று பள்ளி எழுதிக் கொடுத்துவிட்டது. வகுப்பு மட்டும் இன்னும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாமாம். வீட்டில் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

திருத்திய பொதி ஆயத்தம். பழைய கனம், பழைய அருவருப்பான கட்டம். வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியில் என் பிழை. பள்ளிக் கணினியில் நிறுவிப் பார்க்குமாறு காலையில் பென்டிரைவில் ஒரு படியை அண்ணியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பார்ப்பார் என்று எண்ணவில்லை.

நண்பகல் இடைவேளையில் அலைபேசி ஒலித்தது.

"ஏழாவதுல குறி வந்திருச்சு. பதினொண்ணுல ஒரு கட்டம் நிக்குது. இன்னும் ரெண்டு மெஷின் பாக்கணும். அதுக்குள்ள அனுப்பித் தொலைச்சிடாத."

அனுப்பவில்லை.