மரம்தான் குடித்தது

என் வீட்டுக்காரருக்கு,

இன்று உக்கடத்தில் கொய்யாப்பழம் வாங்கப் போயிருந்தேன். துணிப்பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். கடைக்காரர் பழத்தை நிறுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். அப்படியும் பிரியாததால் உதட்டருகே கொண்டுபோய் ஊதினார். "ஊதாதீங்க" என்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எச்சில் படாதுங்கம்மா" என்றார் பாவம் அந்த மனிதர். நான் எச்சிலுக்காகச் சொல்லவில்லை. அதை அங்கே நின்று விளக்க முடியாமல், பழத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். "டீச்சர் கடையிலயும் பாடம் எடுத்துப்போட்டாங்களா?" என்பீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குத் தோப்பு தென்னையில் அந்தச் சிலந்திப்பேன் வந்ததே, நினைவிருக்கிறதா? கண்ணுக்கே தெரியாத பூச்சி. குரும்பைப் பிஞ்சின் மூடிக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது. காய்கள் சொறி பிடித்து, சூம்பி விழுந்தன. மேலே மருந்தடித்தால் அதன் மேல் படவில்லை. அதனால் வேரில் கட்டச் சொன்னார்கள். மரத்தடியில் மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு நூலால் கட்டினீர்கள். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். பை வற்றிக் கிடந்தது.

"பாரு அம்மணி, சொட்டு இல்லாம குடிச்சுப்போட்டுது."

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் கரும்பலகையில் வரைவது அதைத்தான். மரத்துக்கு இதயமும் இல்லை, மோட்டாரும் இல்லை. உச்சியில் ஓலை வெயிலில் நீரை விட விட, தண்டுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர் மேலே இழுபடுகிறது. அதோடு வேர் எதைக் குடித்ததோ அதுவும் ஏறுகிறது. உப்பானாலும் சரி, விஷமானாலும் சரி, பாதை ஒன்றுதான். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "கரண்டே இல்லாம நம்ம போர் மோட்டார விட நல்லா இழுக்குதே" என்றீர்கள்.

அந்த விஷம் காய் வரை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்து கட்டிய மரத்துக்கெல்லாம் சிவப்பு பெயின்டில் வளையம் போட்டீர்கள். ஒன்றரை மாதம் அதில் இளநீர் வெட்டக்கூடாது. வளையத்தைப் பார்க்காமல் வெட்டப்போன உங்கள் தம்பியை எப்படித் திட்டினீர்கள். ஊருக்கெல்லாம் அவ்வளவு பார்த்தவர், உங்களுக்கு மட்டும் ஒரு கையுறை போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"கையுறை போட்டா வேரு உசுரோட இருக்குதா இல்லையான்னு வெரலுக்குத் தெரியாது அம்மணி" என்றீர்கள். நான் விடாமல் நச்சரித்தபோது, "மரம் குடிக்குது, நானா குடிக்கறேன்?" என்று வாயை அடைத்தீர்கள்.

நம் தோப்பு முடிந்ததும் பங்காளிகள் தோப்புக்குப் போனீர்கள். தலைவலி, குமட்டல். வெயில் என்றீர்கள், ரசம் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தீர்கள். ஒரு மாலை சட்டை பிழியப் பிழிய வேர்த்து வந்து வாசலிலேயே உட்கார்ந்தீர்கள். வாயில் எச்சில் ஒழுகியது. "கண்ணு மசமசங்குது" என்பதுதான் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சார்?"

"குடிக்கலைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் கண் திறந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் பக்கத்தில் மருந்தால் ஒருவர் செத்தால் கதை தயாராக இருக்கும். காய் போச்சு, மனசு ஒடைஞ்சு போச்சு, குடிச்சுப்போட்டாரு. எழவு வீட்டில் உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மணி, ஊட்ல ஏதாச்சும் சொல்லிப்போட்டியா?" என்று கேட்டார்கள். நான் விளக்கியதெல்லாம் புருஷன் பேரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யாகத்தான் மற்றவர்கள் காதில் விழுந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்தது. விரலில் பட்டதால் மட்டும் இவ்வளவு ஆகுமா? சூம்பிய காய்களை நீங்கள் வெறித்துப் பார்த்த பார்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அதைவிடக் கொடிய நாட்கள் எனக்கு வந்ததில்லை.

பிறகு ஒரு நாள் நம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அம்மா, அப்பா மருந்து குடிச்சுப்போட்டாங்களா?"

 அலமாரியில் நீங்கள் மருந்து கட்ட வாங்கி வைத்த பைக்கட்டு பிரிக்காமல் இருந்தது. என்ன நினைத்தேனோ, அதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்து, "இதைப் பிரி கண்ணு" என்றேன்.

அவள் கசக்கினாள். பிரியவில்லை. விரலை நாக்கில் தொட்டாள். அப்புறம் பையின் வாயை உதட்டில் வைத்து ஊதினாள்.

மரத்துக்கு ஒரு பை. ஒவ்வொன்றுக்கும் மருந்தில் நனைந்த அதே விரல், அதே நாக்கு, அதே உதடு. நாள் முழுக்க. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போனபிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

அவள் பயந்துபோய், "எனக்கும் ஏதாச்சும் ஆயிருமாம்மா?" என்றாள்.

"இது புதுப் பை கண்ணு. ஒண்ணும் ஆகாது."

பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்போ அப்பா குடிக்கல. ஊதுனாங்க."

தோப்பு இருக்கிறது. சிவப்பு வளையங்கள் வெளுத்துவிட்டன. மரங்கள் காய்க்கின்றன. நான் இளநீர் குடிப்பதில்லை. இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் மருந்து குடிச்சுத்தானுங்க..." என்று இழுப்பார்கள். நான் கோபப்படுவதில்லை. கைப்பையில் ஒரு புதுப் பையை மடித்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துக் கொடுத்து, "இதக் கொஞ்சம் பிரிங்க" என்கிறேன். இதுவரை ஊதாமல் பிரித்தவர் ஒருவரும் இல்லை.