ரிதம் கித்தார் இல்லாத இடது பக்கம்

மச்சான்,

கித்தார் ஆம்ப்பைப் போட்டதும் சூடேறிய தூசி வாசனை வந்தது. உடனே நீயும் வந்துவிட்டாய். செந்தூல் ஃபிளாட்டில் உன் வீட்டு ஹாலில் வாசித்த காலமெல்லாம் இதே வாசனைதான். நீ ரிதம் கித்தார். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்ட் பிடித்தபடி என் இடது பக்கம் மரம் மாதிரி நிற்பாய். நான் சோலோ. கிள்ளான் கல்யாணத்தில் நான் வாசித்த வேகத்துக்கு மண்டபத்து விளக்கே மங்கியது, மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"அது ரிசப்ஷன்லா. தாலி காலையிலயே கட்டியாச்சு," என்பாய். "உன் கதையில பாதியைக் கழிச்சிட்டுத்தான் நான் கேட்பேன்."

சோலோவையும் விடமாட்டாய். "இது சோலோ இல்லடா, மாடிப்படியில தட்டு உருள்றது. என் கார்ட்ல இருக்கிற சுரத்தை ஒவ்வொண்ணா வாசி. அதான் ஆர்பெஜியோ, அதைப் பழகு." என்னைப் போன்ற மேதைக்கு அதெல்லாம் எதற்கு என்று சிரித்தேன். கீழே நீ கார்ட் பிடித்திருந்தாய்; நான் எங்கே விழுந்தாலும் பாட்டாகத்தான் கேட்டது.

நீ கண்ணை மூடிய பிறகு முதல் ஒத்திகை. டிரம்ஸ், பேஸ், நான். சோலோவுக்குப் போனேன், காலடியில் தரையே இல்லை. பேஸ் வாசிக்கிறவன் நெளிந்துகொண்டே, "அண்ணே, சனிக்கிழமை கல்யாணத்துக்கு வேற ரிதம் ஆள் கூப்பிடலாமா? பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒருத்தர் இருக்காரு," என்றான்.

"அடுத்த ஒத்திகை வரைக்கும் பொறுலா," என்றேன். உன் இடத்தில் இன்னொருத்தன் நிற்பதா?

அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. ஏ மைனர் கார்டின் மூன்று சுரம்: ஏ, சி, இ. ஏறி, இறங்கி, மறுபடி. ரயிலில் நின்றாலும் பிடிக்கிற கம்பியில் விரல் ஓடுகிறது. வீட்டில் மனைவி, "ஏங்க, அந்த மூணு சத்தத்தை விட்டா வேற வராதா? பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?" என்கிறாள். வேகமாக வாசித்தால் ஒன்றும் ஒட்டவில்லை. மெதுவாக வாசிக்க எனக்குப் பொறுமை ஏது, உனக்குத் தெரியாததா?

நேற்று மறுபடி ஒத்திகை. சோலோவில் நான் ஓடவில்லை. நீ கார்ட் மாற்றுகிற இடத்தில் நானும் மாறி, அதன் சுரங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பாதியில் டிரம்ஸ்காரன், நீ நிற்கிற இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். பேஸ்காரன் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆள் பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமையை நினைத்தால் இன்னும் கை பரபரக்கிறது. உன் கார்ட் விரலுக்குள் இருக்கிறது, அதைக் கொண்டுதான் போகிறேன். மலேசியா முழுக்கத் தேடினாலும் இப்படி வாசிக்க ஆளில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதியைக் கழித்துக்கொள். டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்ததில் மட்டும் கழிக்காதே.