பிரான்சிஸின் இடது அக்குள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மோதிர விரல் வீங்கிவிட்டது. பேனா சரியாகப் பிடிபடவில்லை. நாளை ஆஸ்பத்திரியில் இதே கையால்தான் ஊசி போட வேண்டும்.

ஞாயிறுதோறும் ரெட்டியார்பாளையத்து மொட்டை மாடியில் நாங்கள் ஆறு பேர் பழைய ஐரோப்பியப் போர்முறை பழகுகிறோம். இரும்புக் கவசம் போட்டவனை வாளால் வெட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு கையால் வாளின் நடுவைப் பிடித்து, ஈட்டியைப் போலக் கவசத்தின் இடுக்கு பார்த்துக் குத்த வேண்டும். இன்று அப்படிப் பழகும்போது மாஸ்டர் "நிறுத்து!" என்று கத்தினார். நான் வாளைத் தாழ்த்திக் கையுறையைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு எதிரே நின்ற பிரான்சிஸ் என் விரலில் அடித்தான்.

"சாரி அக்கா, ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணுமே கேக்கல."

"ஹெல்மெட் போட்டா அப்படித்தாம்மா, விடு" என்றார் மாஸ்டர்.

ஐந்து நிமிடம் கழித்துக் கீழேயிருந்து யாரோ "டீ வந்துடுச்சு" என்றார்கள். கத்தக்கூட இல்லை. ஹெல்மெட்டோடு முதல் ஆளாகப் படியிறங்கியவன் பிரான்சிஸ்.

கவசத்தை ஒருவரே தனியாகக் கழற்ற முடியாது. டீ குடித்துவிட்டு வந்து என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இந்த வாரை அவுத்து விடுக்கா."

அவிழ்த்தேன், இந்த விரலோடு. இடது அக்குளில் வார் தளர்ந்திருக்கிறது. கையைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு இடுக்கு தெரிகிறது. அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பயிற்சி வாளுக்கு மழுங்கிய நுனிதான், அங்கே குத்தினாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் கையைத் தூக்க மாட்டான். ஒரு நர்ஸ் இதையெல்லாம் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அவனுக்கு நான்தான் வார் கட்டுவேன். மாஸ்டர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். எனக்கும் ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது.